நல்லூர் வீடுகளும் குழந்தை வளர்ச்சியும்

யாழ்ப்பாண அரசின் தலைநகராயிருந்த நல்லூரில் பச்சிளங்குழந்தையின் ஊட்டம் தாயின் உணவிலிருந்தே பேணப்பட்டது. மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள், உள்ளி ஆகியவற்றை அம்மியில் பட்டுப்போல் அரைத்துக் காய்ச்சிய சரக்குக்கறியும், பால் சுரப்பைக் கூட்டுமென நம்பப்பட்ட பால்சுறா மீனும் பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியமாக, அதாவது விதியும் விலக்கும் கொண்ட உணவாக, வழங்கப்பட்டன. யாழ்ப்பாணத் தமிழரின் மரபுச் சட்டமான தேசவழமை ஏற்ற சீதன வழக்கால் வீடு பெரும்பாலும் மகளுக்கே சேர்ந்தமையால், முதற்சோறு ஊட்டும் சோறு தீத்துதல் முதல், பல் முளைக்கும்போது செய்யும் பல்லுக்கொழுக்கட்டை வரை பிள்ளை அம்மம்மாவின் கைக்குள்ளேயே வளர்ந்தது. ஊட்டத்தின் வரலாற்றை எழுதுவோர் இக்கவனிப்பைக் குறைத்து மதிப்பிடலாகாது.

எனினும் நல்ல உணவு மட்டும் போதுமாயிருக்கவில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கல் நிலம் வெடிப்புகள் நிறைந்தது. வளவுகள் பங்கிடப்பட்டுச் சிறுத்து, கிணறும் மலக்குழியும் நெருங்கும்போது, கசிவு விரைவில் குடிநீரை அடைகிறது. அந்நீரால் அடிக்கடி வயிற்றோட்டம் காணும் குழந்தை, உண்டதை உடல் ஏற்காமல் மெலிவதோடு, நாளடைவில் வயதுக்குரிய உயரத்தையும் எட்டுவதில்லை. இதுவே வளர்ச்சிக் குன்றல் எனப்படும்.

குழந்தையின் ஊட்டம் வீட்டின் பொறுப்பாக மட்டும் நிற்கவில்லை. 1942இல் தொடங்கிய அரிசிப் பங்கீடும், 1970களில் அறிமுகமான, சோளமும் சோயாவும் கலந்த திரிபோஷா என்னும் சத்து மாவும் இலங்கை அரசின் கையை அடுப்படிவரை நீட்டின. குடும்பநல மாது குழந்தையின் எடையை வளர்ச்சி அட்டையில் குறிக்கும் வழக்கமும் வேரூன்றியது. உள்நாட்டுப் போரில் யாழ்ப்பாணத்தின்மீது 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையின்போது எரிபொருள் அரிதாகிப் பால்மாவுக்கும் தட்டுப்பாடு ஏற்பட, அந்த அட்டையின் கோடுகளுக்குப் பின்னால் போரும் நின்றது.