அளவாகக் குடித்தால் நலமா? கிள்ளான் தோட்டங்கள் தரும் பாடம்

திராட்சை மதுவை அளவோடு அருந்தினால் உடலுக்கு நன்மை உண்டு என்னும் கருத்து நம் காலத்தில் பரவலாகப் பேசப்படுகிறது. மலாயாத் தமிழருக்கு இது புதிய கருத்தன்று. நம் முன்னோர் பால்மரத் தோட்டங்களில் உழைத்த நாளில், இதே வாதம் கள்ளுக்குச் சார்பாக எடுத்துரைக்கப்பட்டது. அவ்வரலாற்றை நினைவுகூர்ந்து, இத்தகைய கூற்றுகளை எவ்வாறு எடைபோடுவது என்பதை இவ்வுரையில் ஆராய்வோம்.

தமிழ் மரபு மதுவைப் பற்றி ஒரே குரலில் பேசவில்லை. சங்கப் பாடல்கள் கள்ளையும் யவனர் கொணர்ந்த தேறலையும் விருந்தின் சிறப்பாகக் காட்டுகின்றன. திருக்குறளோ கள்ளுண்ணாமைக்கெனத் தனி அதிகாரமே வகுத்துள்ளது. ஆனால் மலாயாத் தோட்டத்தில் கள் என்பது விருந்துமன்று, தனிமனிதர் விருப்பம் மட்டுமன்று. அது உரிமம் பெற்ற கடையில், நாள்முழுதும் உழைத்துக் களைத்த தொழிலாளியின் குடியிருப்புக்கு அருகிலேயே விற்கப்பட்ட பொருள். கள்ளில் சத்து உண்டு. கள்ளுக்கடையை மூடினால் தொழிலாளர் அதனினும் கொடிய சம்சுவை நாடுவர் என்பன அதனை ஆதரித்தோர் கூறிய காரணங்கள். ஆயினும் சிலாங்கூர்க் கடலோர மாவட்டங்களில் கள்ளால் விளைந்த கேடு குறித்து விசாரிக்க அரசே ஓர் ஆணையத்தை அமைக்க நேர்ந்தது. அதன் அறிக்கை 1917 இல் வெளிவந்தது.

கள்ளில் சத்து உண்டென்பது முழுப் பொய்யன்று. நொதித்த கள்ளில் உள்ள ஈஸ்ட்டில் பி வகை வைட்டமின்கள் உள்ளன. ஆனால் அச்சத்தைப் பெறக் கள்தான் வழியா? இவ்வினாவுக்குத் துணைபுரியும் ஆய்வொன்று கோலாலம்பூரிலேயே நடந்துள்ளது. 1905 இன் இறுதியில், இங்கிருந்த மனநோய் மருத்துவமனையில் வில்லியம் ஃபிளெட்சர் என்னும் மருத்துவர் பெரிபெரி நோயின் காரணத்தைத் தேடினார். நோயாளிகளை வரிசையில் நிற்கவைத்து எண்ணிட்டார். ஒற்றை எண் பெற்றோர்க்கு வெள்ளை அரிசியும், இரட்டை எண் பெற்றோர்க்குப் புழுங்கலரிசியும் வழங்கினார். வெள்ளை அரிசி உண்டோரில் பலர் நோயுற்றனர், சிலர் மாண்டனர். புழுங்கலரிசி உண்டோர் காக்கப்பெற்றனர். இம்முடிவு 1907 இல் லான்செட் இதழில் வெளிவந்தது.

பெரிபெரியைத் தடுப்பது பி1 வைட்டமின் என்பது பின்னரே தெளிவாயிற்று. நெல்லைப் புழுக்கும்போது அச்சத்து அரிசிக்குள் இறங்கித் தங்குகிறது. தமிழ்த் தொழிலாளியின் சோற்றுப் பானையில் அச்சத்து ஏற்கெனவே இருந்தது. மிகுந்த குடியோ அச்சத்தை உடல் ஏற்பதைக் குறைக்கிறது.

ஃபிளெட்சரின் ஆய்வில் யார் எதை உண்பது என்பதை எண்ணே முடிவு செய்தது. அதனால் ஒப்பீடு நேர்மையாக அமைந்தது. திராட்சை மது பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் இவ்வாறு அமையவில்லை. கொழுப்பு மிகுந்த உணவை உண்டும் பிரெஞ்சு மக்களிடம் இதயநோய் குறைவாக இருப்பதற்கு மதுவும் காரணமாகலாம் என்று செர்ஜ் ரெனோ முதலானோர் 1992 இல் எழுதினர். ஆனால் குடியாதோர் பட்டியலில், நோயுற்றதனால் குடியை நிறுத்தியவரும் இடம்பெற்றால், அளவாகக் குடிப்போர் இயல்பாகவே நலமுடையோராகத் தோன்றுவர். அளவாகத் திராட்சை மது அருந்துவோர் பலர் வசதியும் கல்வியும் மிக்கவர் என்பதும் ஒப்பீட்டைக் குழப்புகிறது. 1988 இலேயே மதுபானம் புற்றுநோய்க் காரணிகளின் முதல் வகையில் சேர்க்கப்பட்டது. உடலுக்குத் தீங்கற்ற அளவு என ஒன்று மதுவுக்கு இல்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023 இல் அறிவித்தது.

அறிவியல் இம்முடிவை எட்டுமுன்பே தோட்டத் தொழிலாளர் தம் பட்டறிவால் ஒரு முடிவுக்கு வந்திருந்தனர். 1941 இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத் தலைவர் ஆர். எச். நாதன் அதன் முன்னணியில் நின்றார். ஊதிய உயர்வு, பிள்ளைகளுக்குக் கல்வி, மருத்துவ வசதி, துரைமார் எதிர்ப்படும்போது மிதிவண்டியிலிருந்து இறங்கவேண்டியிராத உரிமை ஆகியவற்றோடு, கள்ளுக்கடைகளை மூடுவதும் அவர்தம் கோரிக்கையாக இருந்தது. நாதன் மே மாதம் கைதுசெய்யப்பட்டு நாடுகடத்தப்பட்டார். படை வரவழைக்கப்பட்டது, தொழிலாளர் ஐவர் உயிரிழந்தனர்.

கல்வியையும் மருத்துவத்தையும் வேண்டிய அதே பட்டியலில் அவர்கள் கள்ளுக்கடை மூடலையும் வைத்ததை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். கள்ளினால் நன்மை என்று பிறர் கூறியபோது, தம் வீட்டில் அது விளைவித்ததை அவர்கள் சான்றாகக் கொண்டனர். ஒரு பொருள் நலம் தரும் என்னும் செய்தியை இன்று படிக்கும் மாணவரும் மூன்று வினாக்களை எழுப்பலாம். யாரை யாரோடு ஒப்பிட்டனர்? அந்நலத்தைத் தரும் வேறு வழி உண்டா? அதனை விற்பதால் பயன்பெறுவோர் யார்? இவ்வினாக்களை வகுப்பறைக்குக் கொண்டுசெல்லுமாறு ஆசிரியப் பெருமக்களை வேண்டி அமைகிறோம்.