வாழைமரத்து மணமகள்

1973இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டுமானத்தைத் தொடங்கும் முன்பு, சிங்கப்பூரின் ஆங் மோ கியோவில் ரப்பர் தோட்டங்களும் கம்பத்து (கிராமத்து) வீடுகளும் இருந்தன. அத்தகைய கம்பங்களில் பிள்ளைகளை அந்தி சாயுமுன் வீட்டுக்கு விரட்டிய பெயர் ஒன்று உண்டு: பொந்தியானாக்.

பிள்ளைப்பேற்றில் இறந்து, வாழைமரத்தில் குடியேறி, அழகியாக வந்து ஆண்களை மயக்கும் மலாய்ப் பேய் அவள். பிடரியில் ஆணி அறைந்தால் சாதுவான மனைவியாகிவிடுவாள் என்பது நம்பிக்கை. பேய் பிடித்தவரின் முடிக்கற்றையைப் புளியமரத்தில் ஆணியடிக்கும் தமிழர் வழக்கத்தை இது நினைவூட்டுகிறது.

அவளைத் திரைக்குக் கொண்டுவந்தவர் கேரளத்தில் பிறந்த பி. என். ராவ். கேத்தே-கெரிஸ் நிறுவனத்துக்காக அவர் இயக்கிய 'பொந்தியானாக்' 1957 ஏப்ரலில் வெளியானது. மரியா மெனாடோ ஏற்ற நாயகி, மந்திரத்தால் அழகு பெற்றவள். இரத்தத்தைச் சுவைக்கவே கூடாது என்பது நிபந்தனை. கணவனைப் பாம்பு கடிக்கிறது. அவனைக் காப்பாற்ற நஞ்சை வாயால் உறிஞ்சுகிறாள்.

காதலே அவளைப் பேயாக்குகிறது.

படம் பெரும் வெற்றி பெற்றது. அதே ஆண்டில் 'டெண்டாம் பொந்தியானாக்', 1958இல் 'சும்பா பொந்தியானாக்' என்று தொடர்ந்தன. இம்மூன்றில் முதல் இரண்டின் படச்சுருள்கள் தொலைந்துவிட்டன. மூன்றாவது மட்டுமே இன்று எஞ்சியிருக்கிறது.