மிக்சருக்கும் ஃபில்டருக்கும் இடையில்: ஹாம் வானொலியில் ஸ்பெக்ட்ரம் திரை வந்த வழி

ஹாம் வானொலியின் ஸ்பெக்ட்ரம் திரையைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் 2002ஆம் ஆண்டில் தொடங்குகிறார்கள். அவ்வாண்டு ஜூலை–ஆகஸ்ட் 'கியூஈஎக்ஸ்' இதழில் ஜெரால்ட் யங்பிளட் மென்பொருள் வானொலி குறித்த தம் கட்டுரையின் முதல் பகுதியை வெளியிட்டார். மற்ற மூன்று பகுதிகளும் அடுத்த ஆண்டுக்குள் வந்து முடிந்தன. அதே 2003இல் எஸ்டிஆர்-1000 என்ற பெட்டி விற்பனைக்கு வந்தது. கட்டுரை தொடங்கும் இடத்திலேயே அவர் ஒரு கருத்தை முன்வைக்கிறார்: பல தொழில்நுட்பங்கள் ஒரே காலத்தில் ஒன்றுகூடும்போது அதுவரை கனவாக இருந்தவை கைக்கு எட்டுகின்றன. வேகமான கணினி, வீட்டுக்கு வீடு சவுண்ட் கார்டு, டேன் டெய்லோவின் எளிய டிடெக்டர் ஆகிய மூன்றும் அவர் காலத்தில் உண்மையாகவே ஒன்றுகூடின.

யங்பிளட் எழுதியது கட்டமைப்புக் கட்டுரை, வரலாறு அன்று. ஆனாலும் அந்தத் தொடக்கக் கருத்து ஒரு வரலாற்றுக் கூற்றாகவே பின்னர் வாசிக்கப்பட்டது. கணினி வரும்வரை ஹாம்கள் காதால் மட்டுமே அலைவரிசையை அறிந்தார்கள் என்றும், கணினி வந்ததும் கண் திறந்தது என்றும் சொல்வது வழக்கமாகிவிட்டது. இதை ஏற்க எனக்குத் தயக்கம். திரை கணினிக்கு அறுபது ஆண்டு மூத்தது. கேட்க வேண்டிய கேள்வி திரை எப்போது பிறந்தது என்பதல்ல. ஒருமுறை வந்த திரை ஏன் ஹாம்களின் மேசையிலிருந்து ஏறக்குறைய மறைந்தது, மறுபடி எதனால் திரும்பியது என்பதே கேள்வி. ரிசீவரின் எந்தப் புள்ளியிலிருந்து சிக்னலைக் கிளை பிரித்து எடுக்கிறோம் என்பதில்தான் விடை இருக்கிறது என்பது என் வாசிப்பு.

1940களின் நிலையை முதலில் நினைவூட்டுகிறேன். மார்செல் வாலஸின் பனோரமிக் ரேடியோ கார்ப்பரேஷன் நியூயார்க்கில் பானடாப்டர் என்ற, ரிசீவரோடு இணைக்கும் ஸ்பெக்ட்ரம் திரையைச் செய்து வந்தது. அமெரிக்கப் படைகள் பிசி-1031 என்ற பெயரில் அதைப் பயன்படுத்தின. போர் முடிந்ததும் உபரிச் சந்தை வழியாக அது ஹாம்களிடம் வந்தது. ஹாலிகிராஃப்டர்ஸும் எஸ்பி-44 என்ற 'ஸ்கைரைடர் பனோரமிக்' கருவியை விற்றது. வேலை செய்யும் முறை ஒன்றே. ரிசீவரின் மிக்சர் வால்வின் பிளேட்டிலிருந்து சிறிது சிக்னலைத் திருடிக்கொண்டு, இடைநிலை அதிர்வெண்ணான 455 கிலோஹெர்ட்ஸை நடுவாக வைத்து இருபுறமும் நூறு கிலோஹெர்ட்ஸ் வரை வருடி, கிடைத்ததைக் கதோடுக் குழாயில் மேடுகளாக வரையும். ரிசீவர் தன் பாட்டுக்கு ஒரு நிலையத்தைக் கேட்டுக்கொண்டிருக்கும். திரை அக்கம்பக்கத்தைக் காட்டிக்கொண்டிருக்கும். இன்று நாம் ஸ்பெக்ட்ரம் திரையிடம் எதிர்பார்க்கும் முதன்மையான காரியம் இதுவே.

இது முழுமையாக நடந்தது என்று சொல்லவில்லை. ரிசீவரின் முகப்பிலுள்ள டியூன் சுற்றுகள் ஓரத்துச் சிக்னல்களை அமுக்கிவிடும். கூர்மையும் மோசம். வருடும் கருவிக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு: ஃபில்டரின் அகலத்தை ஹெர்ட்ஸில் எடுத்து வர்க்கமாக்கினால் வரும் எண்ணைவிட அதிக வேகத்தில், அதாவது நொடிக்கு அத்தனை ஹெர்ட்ஸுக்கு மேல், வருடினால் சிக்னல் மழுங்கிப்போகும். 200 கிலோஹெர்ட்ஸை நொடிக்கு முப்பது முறை வருடுவதாக வைத்துக்கொள்வோம். வேகம் நொடிக்கு 60 லட்சம் ஹெர்ட்ஸ். அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 2450. ஐந்நூறு ஹெர்ட்ஸ் இடைவெளியில் இருக்கும் இரண்டு மோர்ஸ் நிலையங்கள் அந்தத் திரையில் ஒரே மேடாகத்தான் தெரியும். நொடிக்கு ஒருமுறை மட்டும் வருடினால் 450 ஹெர்ட்ஸ் வரை இறங்கலாம். ஆனால் படம் அடுத்த முறை வரும்வரை கண்ணுக்குத் தங்கியிருக்க வேண்டும்.

இந்தக் கணக்கில் யங்பிளட்டின் பக்கம் நியாயம் இருப்பதை மறுக்க முடியாது. நொடிக்கு 1,92,000 மாதிரி எடுக்கும் சவுண்ட் கார்டில் 4096 மாதிரிகளைச் சேர்த்து ஃபூரியர் மாற்றம் செய்தால் ஒவ்வொரு கட்டமும் சுமார் 47 ஹெர்ட்ஸ். அதற்கு ஆகும் நேரம் 21 மில்லிநொடி. வருடும் திரை எத்தனை பாடுபட்டாலும் இதைத் தொடாது. எனவே கூர்மை கணினி தந்த கொடைதான். அகலமோ வேறு வழியில் வந்தது. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பியதே பின்வந்த வாசிப்பின் கோளாறு.

இங்கே ஒரு சான்றை நிறுத்திப் பார்க்க வேண்டும். ஹீத்கிட் நிறுவனம் 1960களில் எச்ஓ-13 'ஹாம்-ஸ்கேன்' என்ற தொகுப்பையும், அதன் வழித்தோன்றலாக எஸ்பி-620 'ஸ்கேனலைசர்' என்ற தொகுப்பையும் விற்றது. இரண்டும் வாங்கியவரே உட்கார்ந்து பற்றவைத்துக் கட்ட வேண்டியவை. அவற்றின் கையேட்டைப் புரட்டுகிறவர்கள் வழக்கமாகச் சுற்றுப்படத்தைப் பார்ப்பார்கள். எனக்கு முக்கியமாகப் பட்டது ரிசீவர்களின் இடைநிலை அதிர்வெண்களைத் தரும் பகுதி. 455 கிலோஹெர்ட்ஸ், ஹாலிகிராஃப்டர்ஸ் பெட்டிகளின் 1650, ஹீத்கிட்டின் சொந்தப் பெட்டிகளின் 3395 என்று அது பல எண்களைச் சொல்கிறது. கட்டுகிறவர் தன் ரிசீவர் எது என்று முதலில் தீர்மானித்து, அந்த எண்ணுக்குரிய உதிரிப் பாகங்களை மட்டும் பொருத்த வேண்டும். பின்னாளில் ரிசீவரை மாற்றினால் திரையின் வயிற்றையும் திறக்க வேண்டியதுதான்.

இந்தப் பகுதியை வெறும் கட்டுமானக் குறிப்பாக வாசிக்கக் கூடாது. இருபது ஆண்டு முன்பு இப்படி ஒன்றுக்குத் தேவையே இருக்கவில்லை. எஸ்எக்ஸ்-28 ரிசீவருக்கு 455, ஹாமர்லண்ட் எச்க்யூ-129-எக்ஸுக்கும் 455, எச்ஆர்ஓவுக்கு 456, சூப்பர்-புரோவுக்கு 465. சற்றே திருகிச் சரிசெய்தால் ஒரே பானடாப்டர் பெரும்பாலான மேசைகளுக்குப் பொருந்தியது. ஒற்றைப் பக்கப்பட்டை வந்ததும் அதற்கேற்ற கிரிஸ்டல் ஃபில்டர் வந்தது. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கு வசதியான அதிர்வெண்ணில் ஃபில்டரை வெட்டிக்கொண்டது. பொது வாசலாக இருந்த 455 சிதறிப்போனது. இரண்டாவதாக, முன்பு பல நிலைகளில் பரவிக் கிடந்த தேர்வுத்திறன் இப்போது மிக்சரை ஒட்டிய ஒரே ஃபில்டரில் குவிந்தது. அதன் அகலம் இரண்டரை கிலோஹெர்ட்ஸுக்குப் பக்கம். அதைத் தாண்டியபின் எங்கே கிளை எடுத்தாலும் பயனில்லை. பார்க்க விரும்பும் அக்கம்பக்கம் அதற்குள் வெட்டுப்பட்டுப் போயிருக்கும். கிளை எடுக்கத் தக்க இடம் மிக்சருக்கும் ஃபில்டருக்கும் நடுவே சில சென்டிமீட்டர் கம்பியாகச் சுருங்கியது.

கதோடுக் குழாயின் விலையும் உயர் மின்னழுத்தத் தொல்லையும்தான் திரையை ஒதுக்கின என்று எதிர்வாதம் வரலாம். அது பாதி உண்மை. ஆனால் கென்வுட்டின் எஸ்எம்-220ஐக் கவனியுங்கள். அது தன் சொந்த ஒலிபரப்பின் அலைவடிவத்தைப் பார்ப்பதற்கான நிலையக் கண்காணிப்பான். கதோடுக் குழாய் ஏற்கெனவே அதற்குள் இருந்தது. அலைவரிசையைப் பார்க்கக் கூடுதலாகத் தேவைப்பட்டது ஒரு சிறிய பலகை மட்டும். அந்தப் பலகையோ இரண்டு வகை: 3395 கிலோஹெர்ட்ஸில் இயங்கும் டிஎஸ்-520 வரிசைக்கு பிஎஸ்-5, 8.83 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் டிஎஸ்-820, டிஎஸ்-830 போன்றவற்றுக்கு பிஎஸ்-8. ஒரே நிறுவனம், ஒரே தலைமுறை, இருந்தும் ஒரே பலகை இரண்டு வகைப் பெட்டிக்கும் பொதுவாகவில்லை. குழாய் மேசையில் இருந்தும் காட்சி இல்லாத மேசைகள் இருந்திருக்கும் என்றால், குழாயின் விலையை மட்டும் குற்றவாளியாக்க முடியாது. பலகைகளின் விற்பனைக் கணக்கு கையில் இல்லாமல் இதை அனுமானமாகவே வைக்கிறேன். ஆனால் அனுமானம் போகும் திசையில் எனக்கு ஐயமில்லை.

தொழிற்சாலைகள் பிறகு இதை இரு விதமாகக் கையாண்டன. ஐகாம் 1980களின் பிற்பகுதியில் ஐசி-781இல் குழாயையும் கிளையையும் பெட்டிக்குள்ளேயே வைத்துக் கட்டியது. வசதியுள்ளவர்களுக்கு மட்டும் எட்டிய பெட்டி அது. 1990களின் நடுவில் வந்த சிறிய ஐசி-706 எதிர்த் துருவம். அதற்குத் தனிக் கிளை இல்லை. காட்சி வேண்டுமென்றால் ரிசீவரே ஒலியை அடக்கிவிட்டு அக்கம்பக்கம் ஓடி அளந்துவிட்டுத் திரும்பும். கண்ணும் காதும் மாறி மாறித்தான் வேலை செய்ய முடியும். அதில் நுண்செயலி இருந்தது, எல்சிடி திரை இருந்தது, இல்லாதது கிளைக்கான இடம் மட்டுமே. ஒன்றுகூடல் வாசிப்புக்கு இதைவிடச் சங்கடமான சான்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்து பிஎஸ்கே31 என்ற டிஜிட்டல் தொடர்பு முறை. பீட்டர் மார்ட்டினெஸ் உருவாக்கிய இம்முறை 1990களின் கடைசியில் சவுண்ட் கார்டு வழியாகப் பரவியது. டிஜிபான் போன்ற மென்பொருள்கள் மேலிருந்து வழியும் வாட்டர்ஃபால் காட்சியைத் தந்தன. வண்ணக் கோட்டின் மேல் மவுசால் தட்டினால் நிலையம் பிடிபட்டுவிடும். வாட்டர்ஃபாலோடு வாழப் பெருவாரியான ஹாம்கள் பழகியது இங்கேதான், யங்பிளட்டுக்குச் சில ஆண்டு முன்பே. கணினி, சவுண்ட் கார்டு, ஃபூரியர் மாற்றம் எல்லாம் கூடியிருந்தன. ஆனால் சிக்னல் எடுக்கப்பட்டது ஸ்பீக்கர் முனையிலிருந்து, அதாவது ஃபில்டர் தன் வேலையை முடித்த பிறகு. ஆகவே தெரிந்தது ஏறக்குறைய மூன்று கிலோஹெர்ட்ஸ் மட்டுமே. எத்தனை வலிய கணினியைக் கொண்டுவந்தாலும் அந்த ஜன்னலை விரிக்க முடியாது.

இப்படிப் பார்த்தால் எஸ்டிஆர்-1000 செய்த காரியமே வேறாகத் தெரிகிறது. யங்பிளட்டின் பெட்டியில் மிக்சருக்குப் பின் கிரிஸ்டல் ஃபில்டரே கிடையாது. 90 பாகை விலகிய ஐ, க்யூ என்ற இரண்டு சிக்னல்கள் நேரே சவுண்ட் கார்டுக்குப் போகின்றன. கார்டு நொடிக்கு 48,000 மாதிரி எடுத்தால் பார்வை ஏறத்தாழ 48 கிலோஹெர்ட்ஸ். அவர் கணினியைச் சேர்த்தது உண்மை. ஆனால் அகலத்தைத் திறந்தது அவர் எடுத்தெறிந்த ஃபில்டர். தம் சாதனையை அவரே குறைத்து விளக்கிவிட்டார் என்றுகூட எனக்குத் தோன்றுவதுண்டு.

என் வாதத்துக்கு வலுவான சான்று ஒரு மலிவுப் பொருளிலிருந்து கிடைக்கிறது. 2012 வாக்கில், ஆர்டிஎல்2832யூ சில்லு கொண்ட தொலைக்காட்சி யுஎஸ்பி டாங்கிளைப் பொது ரிசீவராகப் பயன்படுத்தலாம் என்று தெரியவந்தது. எட்டு பிட் துல்லியம், நொடிக்கு 24 லட்சம் மாதிரி வரை. பரவலாகக் கிடைத்த ஆர்820டி டியூனர் 24 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே கேட்காது. ஹாம்களுக்கு வேண்டிய சிற்றலைப் பட்டைகளில் பெரும்பகுதி அதற்குக் கீழேதான் இருக்கிறது. ஆனால் யாஸு எஃப்டி-817இன் முதல் இடைநிலை அதிர்வெண் 68.33 மெகாஹெர்ட்ஸ். டாங்கிளுக்கு அது தாராளமாக எட்டும் தூரம். முதல் மிக்சருக்கும் அதன் பின்னுள்ள ரூஃபிங் ஃபில்டருக்கும் இடையில் ஒரு சிறிய பஃபர் பலகையைப் பற்றவைத்து, அங்கிருந்து கேபிள் எடுத்தால் முழுப் பட்டையும் கணினியில் விரிந்துவிடும். பஃபர் கட்டாயம். இல்லையென்றால் டாங்கிளின் இரைச்சல் ரிசீவருக்குள் ஏறும், ரிசீவரின் உணர்திறனும் இறங்கும். இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஆசிலேட்டர் சிக்னலுக்கு மேலே இருப்பதால் பட்டை தலைகீழாகத் தெரியும். மென்பொருளில் ஐ, க்யூ இரண்டையும் இடம் மாற்றிச் சரிசெய்வார்கள். ஹைதராபாதின் அஷ்ஹர் ஃபர்ஹான் 2017இல் வெளியிட்ட யூபிட்டெக்ஸ் டிரான்ஸீவருக்கும் இந்த உத்தி பொருந்தும். அதன் முதல் இடைநிலை 45 மெகாஹெர்ட்ஸ், சுற்றுப்படமோ யாவருக்கும் திறந்தது.

1946இல் மிக்சர் பிளேட்டில் பற்றவைத்தவரும் எழுபது ஆண்டு கழித்து எஃப்டி-817ஐத் திறந்தவரும் கைவைத்தது சுற்றில் ஒரே இடத்தில். இடையில் வந்த எந்தக் கணினியும் அந்த இடத்தை மாற்றவில்லை. எலக்ராஃப்ட் நிறுவனம் இதைப் புரிந்துகொண்டு கே3 பெட்டியின் 8.215 மெகாஹெர்ட்ஸ் இடைநிலையைப் பின்பக்க இணைப்பியில் கொண்டுவர வழிசெய்து, அதில் மாட்டும்படி பி3 திரையை விற்றது.

காலவரையறையில் ஒரு சிக்கல் மிஞ்சுகிறது. 2016இல் கடைகளுக்கு வந்த ஐகாம் ஐசி-7300 ஆண்டெனா சிக்னலை நேரடியாக எண்ணாக்குகிறது. 4.3 அங்குலத் திரையில் ஒரு மெகாஹெர்ட்ஸ் வரை விரித்துக் காட்டுகிறது. எண்ணாக்கத்துக்கு முன் இடைநிலையும் இல்லை, குறுகிய ஃபில்டரும் இல்லை. கிளை எடுக்கும் புள்ளி என்ற கருத்து இங்கே பொருந்துமா? கிளை ஆண்டெனாவரை பின்வாங்கிவிட்டது என்று சொல்லலாம். கருத்தே காலாவதியானது என்றும் சொல்லலாம். முதலாவதையே நான் விரும்புகிறேன், ஆனால் இரண்டாவதை மறுக்க என்னிடம் வலுவான காரணம் இல்லை. 1946க்கும் 2016க்கும் இடையில் இந்த வரலாற்றின் முடிவு எல்லையை எங்கே போடுவது என்பது அதைப் பொறுத்தே அமையும்.

இதைவிடக் கடினமான எதிர்ச்சான்று 2017இல் வந்தது. ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கும் எஃப்டி8 என்ற டிஜிட்டல் தொடர்பு முறையை வெளியிட்டார்கள். ஒரு மெகாஹெர்ட்ஸ் காட்டும் பெட்டியை வாங்கியவர்கள்கூட இன்று மணிக்கணக்காகக் கணினியில் பார்ப்பது, குரல் ஃபில்டரைத் தாண்டி வந்த மூன்று கிலோஹெர்ட்ஸ் வாட்டர்ஃபாலை. அகலம்தான் ஹாம்களை ஈர்த்தது என்றால் இது நடந்திருக்கக் கூடாது. அகலத்தைத் தேடுவது ஆளைத் தேடுகிறவரின் பழக்கம் என்றும், எஃப்டி8இல் ஆட்கள் எல்லோரும் ஏற்கெனவே ஒரே ஜன்னலில் கூடிவிடுகிறார்கள் என்றும் விளக்கம் சொல்லலாம். அது பெருவாரியானவர்களின் பழக்கத்தை விளக்குமா, அல்லது என் வாதத்தைக் காப்பாற்ற மட்டும் உதவுமா என்பதை இன்னும் சில ஆண்டுப் பயன்பாட்டைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.