ஒலிம்பிக் சுடரோட்டமும் இளையோரும் - ஒரு வரலாற்று நோக்கு

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை முதலாய அம்பாறைக் கரையோர ஊர்களின் பாடசாலைகளில் நடைபெறும் இல்ல மெய்வல்லுநர் போட்டிகள், இலங்கையின் ஏனைய பாடசாலைகளிற் போலவே, ஒரு சடங்குடன் தொடங்குவது வழக்கம். கொடிகள் ஏற்றப்பட்டு, இல்லங்களின் அணிநடை நிறைவெய்தியதும், மாணவர் தீப்பந்தம் ஏந்தி மைதானத்தைச் சுற்றி ஓடிவந்து சுடரேற்றுவர். போட்டியாளர் சத்தியப்பிரமாணம் செய்வர். ஒலிம்பிக் தீபம் என வழங்கப்படும் இச்சுடர், பண்டைய கிரேக்க மரபொன்றின் அறுபடாத தொடர்ச்சி என்பதே பொதுவான நம்பிக்கையாகும். அந்நம்பிக்கை எவ்வளவு தூரம் பொருத்தமானது என்பதும், அச்சடங்கின் பொருள் காலந்தோறும் எவ்வாறு மாறிவந்துள்ளது என்பதும் ஆராயத்தக்கன.

பண்டைய கிரேக்கத்தில் தீப்பந்த ஓட்டம் இருந்தமை உண்மையே. ஆயின் அது ஏதென்ஸ் நகர விழாக்களுக்குரியதாக விளங்கியதேயன்றி, ஒலிம்பியாவின் போட்டிகளுக்குரியதாக இருக்கவில்லை. புரொமீதியஸ், ஹெபைஸ்டஸ், அதீனா ஆகிய தெய்வங்களுக்கு ஏதென்ஸ் மக்கள் எடுத்த விழாக்களில், குலப்பிரிவுகளைச் சார்ந்த இளைஞர் அணிகள் தீப்பந்தத்தை ஒருவர்க்கொருவர் கைமாற்றி ஓடின. முந்திச் சென்று பலிபீடத்தை அடைதல் மட்டும் வெற்றிக்குப் போதாது. சுடர் அணையாதிருத்தலும் வேண்டும். விரைவும் நிதானமும் ஒருங்கே வேண்டப்பட்ட இவ்வோட்டத்தை, இன்றைய அஞ்சலோட்டத்தின் முன்னோடி எனலாம். ஒலிம்பியாவிலிருந்து நாடுகளைக் கடந்து செல்லும் சுடரோட்டமோ பண்டைய கிரேக்கர் அறியாத ஒன்று.

1896 இல் ஏதென்சில் நவீன ஒலிம்பிக் போட்டிகள் தொடங்கியபோதும் சுடரோட்டம் இடம்பெறவில்லை. 1928 இல் ஆம்ஸ்டர்டாம் விளையாட்டரங்கின் கோபுரமொன்றில் முதன்முதலாக ஒலிம்பிக் சுடர் எரிந்தது; எனினும் அதனை எவரும் ஓடிக் கொணரவில்லை. சுடரோட்டம் 1936 ஆம் ஆண்டுக்கு உரியது. நாஜி ஆட்சியின் கீழ் நடந்த பேர்லின் போட்டிகளின் அமைப்புக் குழுச் செயலாளரான கார்ல் டீம் இதனைத் திட்டமிட்டார். அவ்வாண்டு யூலை 20 ஆம் திகதி ஒலிம்பியாவில் குழியாடி கொண்டு சூரியக் கதிர்களைக் குவித்துச் சுடர் மூட்டப்பட்டது. கிரேக்கம், பல்கேரியா, யூகோசிலாவியா, ஹங்கேரி, ஒஸ்திரியா, செக்கோசிலவாக்கியா, ஜேர்மனி ஆகிய ஏழு நாடுகளினூடாக, 3,000 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட தூரத்தை, 3,000 பேருக்கும் மேற்பட்ட ஓட்டவீரர் ஆளுக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் வீதம் ஓடிக் கடந்தனர். ஓகஸ்ட் 1 ஆம் திகதி சுடர் பேர்லின் அரங்கை அடைந்தது. தீப்பந்தங்களைச் செய்தளித்த குரூப் நிறுவனம், ஜேர்மனியின் படைக்கலங்களையும் உற்பத்தி செய்த நிறுவனமாகும். பண்டைய கிரேக்கத்தின் வாரிசாகத் தன்னைக் காட்டிக்கொள்ள விழைந்த ஓர் ஆட்சிக்கு இவ்வோட்டம் பெரிதும் உதவிற்று. ஆயின் சுடர் சென்ற வழியிலேயே சில ஆண்டுகளில் படைகளும் சென்றன. 1938 இல் ஒஸ்திரியா ஜேர்மனியுடன் இணைக்கப்பட்டது. 1939 இல் செக்கோசிலவாக்கியா சிதைக்கப்பட்டது. 1941 இல் யூகோசிலாவியாவும் கிரேக்கமும் படையெடுப்புக்கு உள்ளாயின.

இத்தகைய தோற்றமுடைய சடங்கினைப் போருக்குப் பின்னர் உலகம் கைவிட்டிருக்கலாம். அவ்வாறு நிகழவில்லை. 1948 இல் இலண்டனில் போட்டிகள் மீண்டும் தொடங்கியபோது சுடரோட்டமும் தொடர்ந்தது. ஆனால் அது சமாதான ஓட்டம் என வழங்கப்பட்டது. ஒலிம்பியாவில் முதலாவதாகச் சுடரைப் பெற்ற கிரேக்கப் படைவீரர், ஆயுதத்தைக் கீழே வைத்து, இராணுவ உடையைக் களைந்த பின்னரே ஓடத் தொடங்கினார். கிரேக்கத்தில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த வேளையது. சுதந்திரம் பெற்ற அதே ஆண்டில் இலங்கை முதன்முறையாக ஒலிம்பிக்கிற் பங்குபற்றியதும், 400 மீற்றர் தடைதாண்டல் ஓட்டத்தில் டங்கன் வைட் வெள்ளிப் பதக்கம் பெற்றதும் இப்போட்டிகளிலேயே என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது.

அதன்பின் சுடரின் பொருளை உணர்த்தும் பொறுப்பு, அதனை ஏந்துபவரைத் தெரிவதில் தங்கியதாயிற்று. 1964 இல் டோக்கியோவிற் சுடரேற்றிய யோஷினோரி சக்காய், ஹிரோஷிமா மாநிலத்தில், அணுகுண்டு வீசப்பட்ட 1945 ஓகஸ்ட் 6 ஆம் திகதி பிறந்த இளைஞர். 1968 இல் மெக்சிக்கோ நகரில் என்ரிக்கெற்றா பசிலியோ ஒலிம்பிக் சுடரேற்றிய முதற் பெண்ணானார். 1976 இல் மொன்றியலில், ஆங்கிலம் பேசும் சமூகத்தைச் சேர்ந்த ஒரு பெண்ணும் பிரெஞ்சு பேசும் சமூகத்தைச் சேர்ந்த ஓர் ஆணுமாக, பதின்ம வயதினர் இருவர் ஒன்றாய்ச் சுடரேற்றினர். மொழியாற் பிரிந்துநின்ற ஒரு நாடு தன் பிளவினை மறைக்காது, அதனை இளையோரின் கைகளிலே ஒப்படைத்தமை கவனத்திற்குரியது.

ஆயினும் சுடரோட்டம் எப்போதும் இணக்கத்தையே வளர்த்தது எனக் கொள்ளுதல் பொருந்தாது. 2008 இல் பெய்ஜிங் போட்டிகளுக்கான சுடர் உலகைச் சுற்றியபோது, திபெத்துப் பிரச்சினையை முன்வைத்து இலண்டன், பாரிஸ், சான் பிரான்சிஸ்கோ ஆகிய நகரங்களிற் கடும் எதிர்ப்பு எழுந்தது. பொலிசாரின் பாதுகாப்பு அரணுக்குள் ஓடிய சுடர், மக்கள் மத்தியிற் செல்லும் தன் இயல்பையே இழந்தது எனலாம். இதனையடுத்து 2009 இல், ஒலிம்பிக் சுடர் இனிமேல் கிரேக்கத்திலும் போட்டி நடைபெறும் நாட்டிலும் மட்டுமே எடுத்துச் செல்லப்படும் எனச் சர்வதேச ஒலிம்பிக் குழு தீர்மானித்தது.

இப்பின்னணியிலேதான் இளையோர் ஒலிம்பிக்கின் சுடரோட்டத்தை நோக்குதல் வேண்டும். 14 முதல் 18 வயது வரையிலான வீரர்களுக்கென இப்போட்டியை நடத்துவதென 2007 இல் முடிவு செய்யப்பட்டது. தமிழையும் ஆட்சிமொழிகளுள் ஒன்றாகக் கொண்ட சிங்கப்பூர் முதலாவது போட்டியை நடத்தும் வாய்ப்பினைப் பெற்றது. 2010 யூலை 23 ஆம் திகதி ஒலிம்பியாவில் மூட்டப்பட்ட சுடர், பேர்லின், தக்கார், மெக்சிக்கோ நகர், ஒக்லண்ட், சியோல் என ஐந்து நகரங்களுக்குச் சென்று சிங்கப்பூரை அடைந்தது. ஓகஸ்ட் 14 ஆம் திகதி தொடக்கவிழாவின்போது மரீனா குடாவில், கலங்கரை விளக்கத்தின் வடிவிலமைந்த கோபுரத்திற் சுடரேற்றப்பட்டது. மூத்தோரின் சுடருக்கு மூடப்பட்ட உலகப் பாதை, இளையோருக்கு ஒருமுறை திறக்கப்பட்டது. அவ்வழியில் முதலாவது நகரம் பேர்லினாக அமைந்தமை வரலாற்று மாணவர் சிந்தித்தற்குரியது. 1936 இல் ஓர் ஆட்சியின் பெருமைக்காகச் சுடர் வந்துசேர்ந்த அதே நகரினூடாக, 74 ஆண்டுகளின் பின் இளையோரின் சுடர் கடந்து சென்றது.

2014 இல் நாஞ்சிங் நகரில் நடந்த இரண்டாவது இளையோர் போட்டிக்கு, சுடரை இணையத்தின் வழியே கைமாற்றும் முறை புகுத்தப்பட்டது. உலகெங்குமுள்ளோர் இருந்த இடத்திலிருந்தே பங்குகொள்ள இஃது வழிவகுத்தது. ஆயின் வீதியும், எல்லையும், அயலூரார் கையும் அதில் இல்லை. சுடரோட்டத்தின் உயிர்நிலை சுடரிலன்றி, ஒருவர் ஓடிச் சென்று தன்னவரல்லாத ஒருவர் கையில் அதனை ஒப்படைப்பதிலேயே தங்கியுள்ளது என்பதை இவ்வேறுபாடு புலப்படுத்துகின்றது.

மேற்கூறியவை அம்பாறைக் கரையோரத்திற்கும் பொருந்துவனவாகும். ஒலிம்பியாவிற் பூசகியராக வேடமேற்ற நடிகையர் அப்பொலோ தெய்வத்தை விளித்து நிகழ்த்தும் பகுதி கல்முனைப் பாடசாலை மைதானங்களுக்கு வந்துசேரவில்லை. ஓட்டமும் கைமாற்றமுமே வந்துசேர்ந்தன. தத்தம் நம்பிக்கைக்கு ஊறின்றி ஒரு சடங்கினைத் தமதாக்கிக்கொள்ளும் உரிமை எச்சமூகத்திற்கும் உண்டு என்பதற்கு இது தக்க சான்றாகும். எனினும் அச்சுடர் பாடசாலை மதிலைத் தாண்டுவதில்லை. மதிலுக்கு வெளியே, மட்டக்களப்பிலிருந்து பொத்துவிலை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என முஸ்லிம் ஊர்களும் தமிழ் ஊர்களும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. பிட்டும் தேங்காய்ப்பூவும் போல வாழ்ந்தோர் என முதியோர் இம்மக்களைக் கூறுவர். 1980களின் நடுப்பகுதி முதல் நிகழ்ந்த வன்செயல்கள் அவ்வுவமையைப் பெரிதும் குலைத்தன. இவ்வீதியில் ஒரு சுடர் சென்றால், ஒவ்வொரு சில கிலோமீற்றருக்கும் அது ஒரு சமூகத்தின் கையிலிருந்து மற்றச் சமூகத்தின் கைக்கு மாறியே தீரவேண்டும், வேறு வழியில்லை.

நாஜிகளின் காலத்தில் தோன்றிய சடங்கு என்பதால் சுடரோட்டத்தை விலக்க வேண்டியதில்லை. தொன்மையானது எனப் பொய்யாகப் போற்றவும் வேண்டியதில்லை. அதன் உண்மை வரலாற்றை மாணவர் அறிதல் வேண்டும். தோற்றம் எதுவாயினும், பிற்காலத்தவர் ஒரு சடங்குக்குப் புதுப்பொருள் வழங்க முடியும் என்பதை 1948 இன் கிரேக்கப் படைவீரரும் 1976 இன் மொன்றியல் இளையோரும் காட்டியுள்ளனர். மருதமுனை மாணவன் பாண்டிருப்பு மாணவனிடமும், சாய்ந்தமருது மாணவி காரைதீவு மாணவியிடமும் ஒரு சுடரை ஒப்படைக்கும் நாளில், அச்சடங்கு இம்மண்ணுக்கு உரியதாகும்.