முத்தையா பாகவதர், ஹரிகேசநல்லூர் (1877–1945)

கருநாடக இசை வாக்கேயக்காரர், ஹரிகதைக் கலைஞர், இசையாசிரியர். ஊர் திருநெல்வேலிச் சீமையின் ஹரிகேசநல்லூர். மதுரையில் இவர் நிறுவிய தியாகராஜ சங்கீத வித்யாலயத்தில் பயின்றவர் மதுரை மணி ஐயர். மைசூர் அரசவை வித்வானாக இருந்தபோது சாமுண்டேஸ்வரி மீது கன்னடத்தில் 108 கிருதிகள் இயற்றினார்.

மோகனகல்யாணி, நிரோஷ்டா ஆகியவை இவர் உருவாக்கிய ராகங்கள். நிரோஷ்டாவில் ம, ப ஸ்வரங்கள் இல்லை. அதில் அமைந்த ‘ராஜ ராஜ ராதிதே’ கிருதியின் சாகித்தியத்திலும் உதடு ஒட்டும் எழுத்துகள் வருவதில்லை. வெறும் வித்தை என்று இதைத் தள்ளிவிட முடியாது. கச்சேரியில் கேட்டவர்களுக்கு அதன் விறுவிறுப்பு தெரியும்.

திருவனந்தபுரம் சுவாதித் திருநாள் இசைக் கல்லூரியின் முதல் முதல்வர். சுவாதித் திருநாள் கிருதிகளுக்குப் புத்துயிர் ஊட்டியவர்களுள் ஒருவர். ‘சங்கீத கல்பத்ருமம்’ இவர் எழுதிய இசையிலக்கண நூல். கல்லூரியில் இவருக்குப் பின் அப்பதவிக்கு வந்தவர் செம்மங்குடி சீனிவாச ஐயர்.