தீவாக இல்லாத முயல் தீவு

1986 வரை தூத்துக்குடியும் தென்காசியும் ஒரே திருநெல்வேலி மாவட்டம். அதனால் மலையடிவாரத்தில் இருக்கும் நமக்கும் அன்று சொந்தமாக ஒரு துறைமுகம் இருந்தது. சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல் பருத்தி அங்கேதான் கப்பலேறியது. இலங்கைக்குப் பிழைக்கப் போன நம் பக்கத்தவர்கள் பலரும் அங்கிருந்துதான் போனார்கள்.

அந்தத் துறைமுகத்துக்குக் காவல், எதிரே கடலுக்குள் கிடந்த முயல் தீவு. பாண்டியன் தீவு என்றும் சொல்வார்கள். (மண்டபம் அருகேயும் ஒரு முயல் தீவு உண்டு, அது வேறு.) ஆனால் கரையோரம் ஆழம் குறைவு. நீராவிக் கப்பல்கள் சில மைல் தள்ளியே நங்கூரமிடும். ஆளும் சரக்கும் தோணியில்தான் போய்வர வேண்டும். தட்டையான கரை, மலை அடையாளம் கிடையாது, கடலுக்குள் மணல்திட்டும் பவளப்பாறையும். இரவில் வரும் மாலுமிக்கு எது துறை என்று எப்படித் தெரியும்? அதனால்தான் 19-ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலேயர் அந்தத் தீவில் கலங்கரை விளக்கம் அமைத்தார்கள். மின்சாரம் வராத காலத்தில் இவற்றில் எரிந்தது எண்ணெய் விளக்கு. திரியைப் பார்த்துக்கொள்ள இரவு முழுக்க ஆள் விழித்திருக்க வேண்டும்.

1876-ல் ரயில் வந்ததும் சென்னையிலிருந்து கொழும்பு போகும் வழி தூத்துக்குடி ஆனது. 1906-ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். ஆங்கிலேயக் கம்பெனிக் கப்பலுக்கு வழிகாட்டிய அதே விளக்கின் வெளிச்சத்தில்தான் அவருடைய காலியாவும் லாவோவும் வந்துபோயிருக்கும். 1908-ல் அவரைச் சிறையில் தள்ளினார்கள். 1914-ல் பாம்பன் பாலம் திறந்து, கொழும்புப் பயணிகள் பலரும் தனுஷ்கோடிப் பக்கம் போய்விட்டார்கள்.

தீவைத் தீவாக இல்லாமல் ஆக்கியது புதிய துறைமுகம். கப்பல் நேரே வந்து நிற்க ஆழமும், அலையைத் தடுக்க நீண்ட கல் கரைகளும் வேண்டியிருந்தன. 1974-ல் அது பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. அந்த வேலைகளில் முயல் தீவு கரையோடு இணைந்துவிட்டது. இன்று காணும் பொங்கலுக்குக் கட்டுச்சோற்றோடு வண்டியிலேயே போய் இறங்குகிறோம். துறைமுகம் வேண்டியதுதான், அதைக் குறை சொல்வதற்கில்லை. பக்கத்துத் தீவுகளின் கதைதான் மனதை உறுத்துகிறது. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை ஆண்டுக்கணக்கில் வெட்டியெடுத்ததில் அலையைத் தாங்க ஏதுமில்லாமல் போனது. விளாங்குச்சல்லித் தீவு கடலுக்குள் முழுகியேவிட்டது. வான் தீவு பாதிக்கும் மேல் கரைந்தபின், இப்போது செயற்கைப் பவளத்திட்டுகளைக் கடலில் இறக்கி அதைக் காப்பாற்றப் பார்க்கிறார்கள்.

அடுத்த முறை குடும்பத்தோடு முயல் தீவுக்குப் போகிறவர்கள் பழைய துறைமுகத்தையும் ஒரு நடை பார்த்துவிட்டு வாருங்கள். மரத்தோணிகள் அங்கிருந்து இன்றும் மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போகின்றன.