வீட்டு ஒலிக்கருவிகள்: அனலாக் இணைப்பும் டிஜிட்டல் இணைப்பும்

வீட்டில் உள்ள ஒலிக்கருவிகளை ஒன்றோடொன்று இணைக்க இரண்டு வழிகள் உண்டு. ஒலியலையின் ஏற்ற இறக்கத்தை மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கமாகவே கொண்டுசெல்வது அனலாக் இணைப்பு. அதே அலையை நொடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து, கிடைத்த எண்களை மட்டும் அனுப்புவது டிஜிட்டல் இணைப்பு. சிடி பிளேயர், ப்ளூ-ரே பிளேயர், டிவி, செட்டாப் பாக்ஸ் போன்ற பல கருவிகளின் முதுகில் இரண்டுக்கும் இடம் விட்டிருப்பார்கள். எதில் ஒயரைச் செருகுவது என்ற குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

ஸ்பீக்கரின் கூம்பை அசைப்பது எப்போதும் அனலாக் மின்சாரம்தான். எனவே எண்கள் வழியில் ஏதோ ஓரிடத்தில் மறுபடி அலையாக மாறியே தீரவேண்டும். அதைச் செய்யும் சிப்புக்கு டிஏசி என்று பெயர், பேச்சில் ‘டாக்’. பிளேயரிலிருந்து அனலாக் ஒயர் போட்டால் பிளேயரின் டாக் வேலை செய்கிறது. டிஜிட்டல் ஒயர் போட்டால், ஸ்பீக்கரை இயக்கும் பெட்டியான ரிசீவரின் டாக் வேலை செய்கிறது. ஆக, எந்தப் பெட்டியின் டாக்கிடம் அந்த வேலையை ஒப்படைப்பது என்பதே தேர்வு. ‘டிஜிட்டல் என்றாலே துல்லியம்’ என்று கடைக்காரர் சொல்வதும், ‘அனலாக்கில்தான் உயிர் இருக்கிறது’ என்று ரசிகர் சொல்வதும் இந்த விஷயத்தைத் தொடுவதே இல்லை.

அனலாக் வழிகள்

சிவப்பு, வெள்ளை நிற ஆர்சிஏ பின்கள் 1930-களில் அமெரிக்காவின் ரேடியோ கார்ப்பரேஷன் ஆஃப் அமெரிக்கா நிறுவனம் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவை. பெயரும் அதிலிருந்து வந்ததே. சிவப்பு வலப்பக்கம், வெள்ளை இடப்பக்கம். கருவிக்குக் கருவி வோல்டேஜ் ஒன்றாக இருக்காது. சிடி பிளேயர் உச்ச ஒலியில் சுமார் 2 வோல்ட் தரும். பழைய டேப் டெக்கும் ரேடியோ டியூனரும் அதைவிடக் குறைவாகத் தரும். ரெக்கார்ட் பிளேயரின் ஊசியிலிருந்து கிடைப்பதோ சில மில்லிவோல்ட்தான். அதைப் பெருக்குவதோடு, தட்டை வெட்டும்போது வேண்டுமென்றே குறைத்த தாழ் சுருதியைத் திரும்ப உயர்த்தவும், தூக்கிவைத்த உச்ச சுருதியைத் தணிக்கவும் வேண்டும். ரிசீவரில் ‘ஃபோனோ’ என்று தனித் துளை இருப்பது இதற்காகத்தான். அதில் சிடி பிளேயரைச் செருகினால் காது பொறுக்காத சிதைவு கேட்கும்.

மொபைல், லேப்டாப்பில் உள்ள 3.5 மில்லிமீட்டர் துளை ஹெட்போனுக்கானது. ரிசீவருக்கும் அது வேலை செய்யும். மொபைலில் வால்யூமை உச்சத்துக்கு அருகில் வைத்துவிட்டு, மீதியை ரிசீவரில் கூட்டிக் குறைப்பதே இரைச்சலைக் குறைவாக வைக்கும் வழி.

டிஜிட்டல் வழிகள்

1982-இல் சிடி விற்பனைக்கு வந்தபோது முதல் பிளேயர்களில் அனலாக் வெளியீடு மட்டுமே இருந்தது. சிடியில் ஒவ்வொரு சேனலும் நொடிக்கு 44,100 முறை, 16 பிட் எண்களாகப் பதிவாகிறது. இந்த எண்களை வெளியே எடுக்க சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து வகுத்த முறைக்கு எஸ்பிடிஃப் என்று பெயர். இது இரண்டு உடைகளில் வருகிறது. ஒன்று கோஆக்ஸியல்: ஆர்சிஏ பின்னே, ஆனால் 75 ஓம் ஒயர். பழைய வீடியோ ஒயரில் மஞ்சள் முனை இருக்கிறதே, அதுவும் 75 ஓம்தான். தனியாகக் காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை. மற்றொன்று ஆப்டிகல். 1983-இல் தோஷிபா கொண்டுவந்த டாஸ்லிங்க் என்னும் இந்த முறையில், சுமார் ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள பிளாஸ்டிக் இழை வழியாகச் சிவப்பு ஒளி துடிக்கிறது. ஒயரின் ஒரு முனையைச் செருகி மறுமுனையைப் பார்த்தால் சிவப்புப் புள்ளி தெரியும். தெரிந்தால் கருவி சிக்னல் அனுப்புகிறது. முனையில் உள்ள ஊசித்தொப்பி போன்ற பிளாஸ்டிக் மூடியைக் கழற்ற மறந்துவிட்டு ‘ஆப்டிகல் வேலை செய்யவில்லை’ என்று புகார் சொல்பவர்கள் ஏராளம். இழையை மடக்கக் கூடாது. 5 மீட்டரைத் தாண்டினால் நம்பகம் குறையும்.

எஸ்பிடிஃப் இரண்டு சேனல் ஒலியை அப்படியே கொண்டுசெல்லும், ஆறு சேனல் கொண்ட 5.1 ஒலி வேண்டுமென்றால் டால்பி டிஜிட்டல், டிடிஎஸ் போலச் சுருக்கிய வடிவில்தான் கொண்டுசெல்லும். ப்ளூ-ரேயில் வரும் டால்பி ட்ரூஎச்டி, டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோ போன்ற இழப்பில்லா ஒலிக்கு அதில் இடம் போதாது. அதற்கு எச்டிஎம்ஐ வேண்டும். அதன் முதல் பதிப்பு 2002-இல் வந்தது. டிவியிலிருந்து ஒலியை ரிசீவருக்கோ சவுண்ட்பாருக்கோ திருப்பி அனுப்பும் ஏஆர்சி வசதி 2009-இல் 1.4 பதிப்பில் சேர்ந்தது. அதன் விரிந்த வடிவமான இஏஆர்சி 2017-இல் 2.1 பதிப்பில் வந்தது. ஏஆர்சியில் இழப்பில்லா 5.1 செல்லாது; இஏஆர்சியில் எட்டு சேனல் சுருக்கப்படாத ஒலியே செல்லும். புதிதாக டிவி வாங்குபவர் படத்தரத்தோடு இந்த ஒரு எழுத்து வித்தியாசத்தையும் பார்த்து வாங்குவது நல்லது.

டிவியும் ‘பிசிஎம்’ அமைப்பும்

இன்று அதிகம் கேட்கப்படும் சந்தேகம் டிவியைப் பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயருடன் எப்படிச் சேர்ப்பது என்பதுதான். பல புதிய டிவிக்களில் ஆர்சிஏ வெளியீடு இல்லை. ஆப்டிகல் மட்டும் இருக்கிறது. ஆப்டிகலை அனலாக்காக மாற்றும் சிறு பெட்டிகள் சென்னை ரிட்சி தெருவிலும் ஆன்லைனிலும் கிடைக்கின்றன. வாங்கி மாட்டியதும் சத்தமே வராமல் போவது, அல்லது கரகரப்பு மட்டும் வருவது வழக்கம். பெட்டியில் குற்றமில்லை. டிவி டால்பி டிஜிட்டலாக அனுப்புகிறது. மலிவான பெட்டிகள் பலவற்றுக்கு பிசிஎம், அதாவது சுருக்கப்படாத எண்கள், மட்டுமே புரியும். டிவியின் சவுண்ட் மெனுவில் டிஜிட்டல் வெளியீட்டை ‘ஆட்டோ’ அல்லது ‘பிட்ஸ்ட்ரீம்’ என்பதிலிருந்து ‘பிசிஎம்’முக்கு மாற்றினால் சரியாகிவிடும். அதன்பின் இன்னொரு குறை தலைகாட்டும்: டிவி ரிமோட்டில் சத்தம் குறையாது. ஆப்டிகல் வெளியீட்டின் அளவு பெரும்பாலான டிவிக்களில் மாறாதது. டிவியில் ஹெட்போன் துளை இருந்தால், வயதானவர்கள் ஒரே ரிமோட்டில் கையாள அந்த அனலாக் வழியே வசதி. தரத்தில் இழப்பது செய்தியிலும் சீரியலிலும் தெரியப்போவதில்லை.

ரிசீவருக்குள் நடப்பது

அனலாக் ஒயர் போட்டுவிட்டால் ஒலி கடைசிவரை அனலாக்காகவே போகும் என்று நினைப்பது இயல்பு. ஹோம் தியேட்டர் ரிசீவரில் அப்படி இல்லை. தாழ் சுருதியைச் சப்வூஃபருக்குப் பிரிப்பது, ஒவ்வொரு ஸ்பீக்கரின் தூரத்துக்கும் ஏற்பத் தாமதம் சேர்ப்பது, மைக் வைத்து அறையின் எதிரொலியைத் திருத்துவது எல்லாம் எண்களில்தான் நடக்கின்றன. ஆகவே அனலாக்காக வந்ததை ரிசீவர் மறுபடி எண்ணாக்கி, வேலை முடித்து, திரும்ப அலையாக்குகிறது. பிளேயரின் விலையுயர்ந்த டாக் செய்த வேலை பாதியில் கலைக்கப்படுகிறது. அறைத் திருத்தம் பயன்படுத்துபவர் டிஜிட்டலாக இணைப்பதே அறிவுடைமை. ‘பியூர் டைரக்ட்’ போன்ற பொத்தான் உள்ள ரிசீவரில் அதை அழுத்தினால் இந்த வேலைகள் நின்று அனலாக் நேராகச் செல்லும். சப்வூஃபர் பிரிப்பும் கூடவே போய்விடும்.

இதற்கு மாறாக, அனலாக் இணைப்பு கட்டாயமாக இருந்த காலமும் உண்டு. 1999-இல் வந்த சூப்பர் ஆடியோ சிடி, அடுத்த ஆண்டு வந்த டிவிடி-ஆடியோ ஆகியவற்றின் உயர்தர ஒலியை நகலெடுத்துவிடுவார்கள் என்று அஞ்சி, எஸ்பிடிஃப் வழியாக வெளிவிட நிறுவனங்கள் சம்மதிக்கவில்லை. விளைவு, 5.1 ஒலிக்கு ஆறு ஆர்சிஏ ஒயர்கள். 2004, 2005 ஆண்டுகளின் எச்டிஎம்ஐ பதிப்புகள் இவற்றுக்கு வழிவிட்ட பிறகே அந்த ஒயர்க் காடு குறைந்தது.

இரைச்சல்

அனலாக் இணைப்பின் பெரிய பலவீனம் ‘ம்ம்ம்’ என்ற அடிக்குரல் இரைச்சல். இந்தியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். இரைச்சலும் 50 அல்லது 100 ஹெர்ட்ஸில் கேட்கும். இரண்டு கருவிகள் வெவ்வேறு இடத்தில் எர்த் ஆகி, ஒயரின் உறை வழியாக அவற்றிடையே சிறு மின்னோட்டம் ஓடுவதே காரணம். கேபிள் டிவி ஒயர் இதில் அடிக்கடி குற்றவாளி: செட்டாப் பாக்ஸிலிருந்து அதைக் கழற்றியதும் இரைச்சல் நின்றால் சந்தேகமே வேண்டாம். எல்லாக் கருவிகளையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மாட்டுவது பாதிப் பிரச்சினையைத் தீர்க்கும். எர்த் பின்னை வெட்டிவிடும் ‘வைத்தியம்’ உயிருக்கு ஆபத்து. கோஆக்ஸியல் டிஜிட்டலும் எச்டிஎம்ஐயும் உலோகம் என்பதால் இந்த மின்னோட்டத்துக்கு வழிவிடும். ஆப்டிகல் மட்டும் விடாது. ஆப்டிகலுக்கு இருக்கும் உண்மையான மேன்மை இதுவே. ஒலித்தரத்தில் கோஆக்ஸியலுக்கு அது சளைத்ததும் அல்ல, மேலானதும் அல்ல. ஒயரின் விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை: டிஜிட்டல் ஒயர் எண்களைச் சேர்த்தால் சேர்த்ததுதான், தவறினால் ஒலி அறுந்து அறுந்து கேட்கும். விலை கூடக் கூட ‘இனிமை’ கூடும் என்பது விற்பனைப் பேச்சு.

ஒப்பிட்டுப் பார்ப்பது

ஒரே பிளேயரை இரண்டு வழியிலும் ரிசீவரில் இணைத்து, ரிமோட்டில் மாறிமாறிக் கேட்கலாம். பலர் இதைச் செய்து ஏதோ ஒன்று ‘தெளிவாக’ இருப்பதாக முடிவுகட்டுகிறார்கள். இரண்டு வழியிலும் சத்தம் ஒரே அளவில் இருப்பதில்லை என்பதை மறந்துவிடுகிறார்கள். அரை டெசிபல் கூடுதலும் காதுக்குத் தெளிவாகவே தோன்றும். 200 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டரின் ஏசி வோல்ட் அளவைப் பார்த்து, இரண்டும் ஒரு சதவீதத்துக்குள் ஒத்துப்போகும்படி சரிசெய்த பிறகே ஒப்பிட வேண்டும். மலிவான மல்டிமீட்டர்கள் வீட்டு மின்சாரத்தை அளக்கவென்றே செய்தவை. 1,000 ஹெர்ட்ஸில் அவற்றின் அளவை நம்ப முடியாது. மாற்றுவது யார், எப்போது என்பது கேட்பவருக்குத் தெரியாமல் இன்னொருவர் ரிமோட்டை வைத்திருப்பதும் அவசியம்.